தள்ளிப் புடிடீ

பொலினோட சிலம்பக் கம்பு பரிசோதனை மேசையிலயே பொளந்துக்கிச்சி. ஏரோப்ளேன்ல அம்மாம் நீளத்தை ஏத்த மாட்டேன்னுட்டானாம், இங்க வந்து நேத்துதான் எவன்கிட்டயோ வாங்கியிருக்கா. பாத்து வாங்கத் தெரியல மகாராணிக்கு.

உப்பளம் அரங்கத்துல சர்வதேசச் சிலம்பப் போட்டி, பெண்கள் தனித்திறமை. அவ பிரான்சுக்கு, நான் இந்தியாவுக்கு. கேக்க என்னமோ பெருசா இருக்கும். ரெண்டு பேரும் அரியாங்குப்பத்துல ஒரே தெரு, ஒரே மணல்ல கம்பு சுத்துனவங்க. அவ அப்பா பிரெஞ்சுப் பட்டாளம், குடும்பத்துக்கே அந்த ஊர் பாஸ்போர்ட்டு. இப்ப பிரான்சுல துலூஸ்ங்கிற ஊர்ல இருக்கா. நான் இங்கயே மேட்டுப்பாளையத்துல சோப்புக் கம்பெனியில பேக்கிங். இந்தத் தங்கம் கெடைச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கு மனு போடலாம், அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். அம்மாகிட்டகூட சொல்லல, பொலினுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஆடி முடிச்சி மொதல் எடத்துல இருந்தேன். மிச்சம் அவ ஒருத்திதான். ரெண்டு பேரும் ஒரே உயரம், என் கம்புதான் அவளுக்கு அளவு. வந்து கைய நீட்டுனா. குடுக்காம இருந்தா தங்கம் என்னுது. வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சி, ஆனா என்ன பண்றது, பொலினாச்சே. குடுத்துட்டேன்.

"ஒரு நன்றி, ஒரு மெர்சிகூட கெடையாதாடி துலூஸ்காரி?"ன்னேன்.

"அதெல்லாம் வெளியாளுக்குச் சொல்றது. போடி, கலை"ன்னு புடுங்கிக்கினு போனா.

என் கம்பு ஒரு பக்கம் கனம். இடது கையில கழுத்தைச் சுத்திக் கொண்டாறப்ப நடுவுல புடிச்சா நழுவிடும், கனமான பக்கமா தள்ளிப் புடிக்கணும். சொல்லலாம்னு வாயெடுக்குறதுக்குள்ள மைக்குல அவ பேரைக் கூப்ட்டுட்டாங்க.

சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நல்லாத்தான் ஆடுனா. வேலை போச்சுடீன்னு நெனச்சேன். அப்பதான் கம்பு இடது கைக்கு மாறுச்சி. நடுவுல புடிச்சிருந்தா.

"தள்ளிப் புடிடீ"ன்னு கத்திட்டேன்.

யோசிச்சிக் கத்தல. மணல்ல சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான் கத்திக்குவோம். அவளும் சட்டுனு தள்ளிப் புடிச்சா, கம்பு நழுவல. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சி.

நடுவர் கொடியைத் தூக்குனாரு. வெளியிலேர்ந்து யாரு சொல்லிக்குடுத்தாலும் ஆடுறவங்களுக்குத்தான் மார்க் கொறையும். காலையில மைக்குல படிச்சாங்களே, நானும் பொலினும் பக்கத்துல பக்கத்துல நின்னுதான் கேட்டோம். அந்த நேரத்துல அது எங்க ஞாபகம் வருது? கொறைச்சதுல அவ ரெண்டாவது, நான் மொதல்.

ஓடிப்போயி, "நான்தான் சார் கத்துனேன், எனக்குக் கொறைங்க"ன்னேன். நீ ஆடி முடிச்சாச்சும்மா, போய் நில்லுன்னுட்டாரு. பின்னாடி எவளோ, "பலே கெட்டிக்காரி"ன்னு சிரிச்சா. செருப்பால அடிக்கலாம்னு வந்துச்சி.

தங்கத்தை மாட்டி போட்டோ எடுத்து முடிச்சப்புறம் பொலின் கம்பை எடுத்துக்கினு வந்தா.

"பொலினு, சத்தியமா நீ நழுவ விடக்கூடாதுன்னுதாண்டி கத்துனேன்."

"உனக்கு அந்த வேலை எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியும்"ன்னா. கோவமாகூட சொல்லல.

அவ கை வேர்வை பட்ட எடத்தை துண்டால நல்லா துடைச்சா. ரெண்டு கையாலயும் கம்பை நீட்டுனா.

"மெர்சி, கலைமகள்"ன்னா.