நூறாவது தட்டு

ஒஹையோ மாநிலத்தின் ஃபேர்லி ஊர்த் துப்பாக்கி சுடும் மன்றத்தில் பறக்கும் களிமண் தட்டை ஒருவன் தவறவிட்டால், நாற்காலியில் அமர்ந்து மதிப்பெண் குறிப்பவர் "போச்சு!" என்று கூவ வேண்டும். கூவிய கணத்தில் தவறவிட்டவனின் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று போய்விடும். கூவாவிட்டால் போகாது. பெரும்பாலும் கரண்டி, கதவுத் தாழ் என்று சில்லறைச் சாமான்கள்தான். ஒருவருக்கு மாடிப்படி போனது. அன்று முதல் அவர் கீழேயே படுத்துக்கொண்டார். காப்பீட்டுக்காரர் பத்திரத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். சுடுவதை மட்டும் எவரும் விடவில்லை. தட்டு தூளாவதைப் பார்க்கும் ருசி அப்படிப்பட்டது.

சோளம் பயிரிடும் ஆர்லின் ஸ்டக்கிக்குப் புதுத் துப்பாக்கி வேண்டியிருந்தது. சுட்டதும் வெற்றுத் தோட்டாக் கூட்டைத் தானே துப்பும் ரகத்தில் இரண்டைக் கடையிலிருந்து சோதனைக்கு வாங்கிவந்தான். ஒன்று வெடிப்புகையின் வேகத்தில் இயங்குவது. தோளுக்கு மெத்தென்றிருக்கும், ஆனால் வயிறெல்லாம் கரி. மற்றது பின்னுதையிலேயே இயங்குவது. கழுதை உதை, உள்ளே சுத்தம். ஒவ்வொன்றுக்கும் நூறு தட்டு என்று கணக்கு வைத்தான். நாற்காலியில் வழக்கம்போல அவன் மனைவி நீவா. அவளைப் போலத் தெளிவான குரல் மன்றத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

சனிக்கிழமை முதல் துப்பாக்கி தொண்ணூற்றேழு எடுத்தது. காபிக் கெண்டி போனது, புகைபோக்கி போனது, நாய் போனது. சங்கிலி மட்டும் முற்றத்தில் கிடந்தது.

"வீட்டுல இனி உசுரோட இருக்கறது நீயும் நானுந்தான், ஆர்லின். போதும்" என்றாள் நீவா.

"பாதியில விட்டா அது ஒப்பிட்டுப் பாத்ததாகுமா?" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது துப்பாக்கி தொண்ணூற்றொன்பது தட்டுகளில் ஒன்றைத்தான் விட்டது. சமையலறை ஜன்னல் போனது. நூறாவது தட்டு முழுசாகப் பறந்து புல்லில் விழுந்தது. நீவா வாயைத் திறக்கவில்லை.

"கூவு" என்றான் ஆர்லின்.

அடுத்த இடத்தில் நின்ற மெர்ல் பதறினான். "டேய், எப்படிப் பாத்தாலும் இதான்டா ஜெயிச்சுது! விட்டுத் தொலையேன்."

"தொண்ணூத்தெட்டா தொண்ணூத்தொம்பதான்னு சரியா தெரிய வேணாமா? கூவுடீன்னா!"

நீவா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். போவது அவனாகவும் இருக்கலாமே என்ற நப்பாசை அவளுக்கும் இருந்திருக்கும். இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பிறகு, எப்போதும்போலத் தெளிவாக, "போச்சு!" என்றாள்.

நாற்காலி காலியாக இருந்தது. பென்சில் உருண்டு கீழே விழுந்தது. ஆர்லின் அதை எடுத்து, கடைசிக் கட்டத்தில் சுழியைப் போட்டு, கூட்டி, தொண்ணூற்றெட்டு என்று எழுதினான். மெர்ல் தொப்பியைக் கழற்றினான். பிறகு வரிசையில் அடுத்தவர் சுட வேண்டியிருந்ததால், அவனே போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் ஆர்லின் ஒரு முட்டையைப் பொரித்துத் தின்றுவிட்டு, துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தான். சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் மெர்லுக்குப் போன் போட்டான்.

"துணியில கரியே ஒட்டலடா" என்றான். "இதையே வாங்கிடறேன்."