பாரத்துக்கு நின்றவர்கள்

1956ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள், திங்கட்கிழமை காலையில், மத்திகிரிக்கு மேற்கே உள்ள சென்னப்பன் பண்ணையில், வெள்ளையம்மா என்னும் கூலிப்பெண்ணின் வலக்கால் டிராக்டர் இழுத்த பரம்புப் பலகைக்கு அடியில் சிக்கி நசுங்கியது. அவள் அந்தப் பலகையின்மேல் பாரத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தாள். கல்லை ஏற்ற வேண்டிய இடத்தில் மனிதரை ஏற்றினார்கள். இதுவே என் முறையீடு. இதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை. குறைத்துச் சொன்னதும் இல்லை.

உழுத நிலத்தில் கட்டிகளை உடைத்துச் சமன் செய்வதற்குப் பலகை இழுப்பது நம் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வேலை. மாடுகள் இழுக்கும், ஓட்டுபவன் பலகையின்மேல் ஏறி நிற்பான். அவன் எடையில் கட்டி உடையும். கால் தடுமாறினால் அவனே குரல் கொடுப்பான், மாடுகள் நின்றுவிடும். விழப்போகிறவனும் நிறுத்தப்போகிறவனும் ஒருவனே. சென்ற ஆண்டு சென்னப்பன் டிராக்டர் வாங்கினார்; உழவுமாடுகளை விற்றார். பழைய பலகைகள் இரண்டை இரும்புப் பட்டையால் இணைத்து, சங்கிலி பூட்டி, டிராக்டருக்குப் பின்னால் கட்டினார்கள். மாட்டுக்குப் பின்னால் மனிதன் நின்ற வழக்கத்தை அப்படியே எடுத்து இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தார்கள். ஓட்டுபவன் இப்போது முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. கல் ஏற்றலாகாதா என்று நான் கேட்டதற்கு, “கோடியில திரும்பறப்போ பலகைய தூக்கி ஒதறணும் சார். கல்லு எறங்கித் தூக்குமா? பொம்பளைங்க எறங்குவாங்க, தூக்குவாங்க, மறுபடி ஏறிக்குவாங்க” என்றான் மேஸ்திரி முனிவேல். அதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

என் வீட்டுக் கொல்லை அந்தப் பண்ணையின் வரப்பில் முடிகிறது. கோடை தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் முதலில் கேட்பது டிராக்டரின் ஓசைதான். டிரைவர் குலாம் ரசூல் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவான். முதலில் பெட்ரோலில் உறுமும். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். கரும்புகை ராகிக் கொல்லையின்மேல் படிந்து, கிழக்கு வெளுத்த பின்னும் கலையாமல் நிற்கும். புகைக்குள் பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். முனிவேல் அவர்களைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பிடிப்பவனைப்போல் மேலும் கீழும் பார்ப்பான்.

“நீ ஏறு. நீயும் ஏறு. நீ ஏம்மே வந்த? காத்தடிச்சா பறந்துடுவ. போய்க் கல்லு பொறுக்கு.”

கல் பொறுக்குவதற்குக் கூலி பாதி. வெள்ளையம்மா மெலிந்தவள், பல நாள் கல் பொறுக்கவே அனுப்பப்பட்டாள். அவள் கணவன் எல்லப்பன் அதே பண்ணையின் பழைய உழவன். மாடுகள் போனபின் அவனுக்கு நிலையான வேலை இல்லை. பண்ணை நிலத்தின் ஓரத்தில், பண்ணைக்காரர் விட்ட இடத்தில், அவர்களுடைய குடிசை இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை முனிவேல் அவளையும் ஏறச் சொன்னான். நான்கு பெண்கள் பலகையில் நின்று, டிராக்டரோடு கட்டியிருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற முனிலட்சுமி வாய் சும்மா இராதவள்.

“இன்னாடி இது, ராவு பூரா களி தின்னியா? பலக உம்பக்கம் சாயுது.”

“பேசாம நில்லுக்கா. மேஸ்திரி காதுல உழப்போவுது.”

“உழட்டுமே. இந்தப் பீப்பா சத்தத்துல அவங்காதுல அவன் பொண்டாட்டி திட்றதே உழாது.”

பெண்கள் சிரித்தார்கள். டிராக்டர் நகர்ந்தது. செம்மண் புழுதி எழுந்து அவர்களுடைய முழங்கால்வரை மூடியது. பலகையில் சிறிது நேரம் நின்றாலே அதிர்வு உள்ளங்காலில் ஏறும். பிறகு பாதம் மரத்துப்போகும். அதற்குப்பின் நிற்பது தன் கால்தானா என்பது தெரியாது. அவர்கள் எல்லாரும் அதை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், மழை பெய்தது என்று சொல்வதைப்போல.

வயலின் நடுவே மண்ணுக்குள் ஒரு பாறை மறைந்திருந்தது. பலகை அதில் ஏறித் துள்ளியது. மற்ற மூவரும் கயிற்றில் தொங்கினார்கள். வெள்ளையம்மா முன்பக்கம் விழுந்தாள். அவள் கால் சங்கிலிக்கும் பலகைக்கும் இடையே போயிற்று. பெண்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சல் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது; இயந்திரத்தின்மேல் இருந்த ரசூலுக்குக் கேட்கவில்லை. முனிலட்சுமி பலகையிலிருந்து குதித்து, மண்கட்டிகளை எடுத்து அவன் முதுகில் எறிந்துகொண்டே ஓடினாள். ஒரு கட்டி அவன் பிடரியில் பட்டது. அவன் திரும்பினான். அதன்பிறகே டிராக்டர் நின்றது.

பலகையைத் தூக்கி அவளை வெளியே எடுத்தபோது அவளுடைய மடி அவிழ்ந்து மூன்று கற்கள் கீழே உருண்டன. எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று, பொறுக்கிய கற்களையே மடியில் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள். எல்லாரும் அந்தக் கற்களைப் பார்த்தார்கள். 

“வலிக்குதாம்மா?” என்று ரசூல் கேட்டான். அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

“இல்ல பாய். காலையிலருந்தே காலு மரத்துத்தான் கெடந்துச்சு” என்றாள் அவள்.

ரசூல் பலகையைக் கழற்றிவிட்டு, இழுவைப் பெட்டியைப் பூட்டினான். முனிவேல் குறுக்கே வந்தான். “எசமான கேக்காம வண்டிய ரோட்டுக்கு எடுக்காத. சீமெண்ணெய்க்கு யாரு பதில் சொல்றது?” ரசூல் அவனைச் சுற்றிக்கொண்டு போனான். வெள்ளையம்மாவைப் பெட்டியில் கிடத்தி, அவள் தலையை, கூச்சல் கேட்டு ஓடிவந்த எல்லப்பன் மடியில் வைத்து, மத்திகிரிச் சாலை வழியாக ஓசூருக்கு ஓட்டிப்போனான். மருத்துவமனையில் கணுக்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் டிராக்டர் வழக்கம்போல் உறுமியது. வெள்ளையம்மா நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றாள். முனிலட்சுமியும் ஏறினாள், அன்று அவள் யாரையும் கேலி செய்யவில்லை. ரசூல் ஓட்டினான், மூச்சுக்கு மூச்சு பின்னால் திரும்பிப் பார்த்தான். பாறை இருந்த இடத்தில் ஒரு குச்சி நட்டிருந்தார்கள். அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு வேலை நடந்தது. அதிர்வு பாதத்தோடு நிற்பதில்லை. அது மேலே ஏறி அந்தப் பண்ணை முழுவதையும் மரக்க வைத்திருந்தது. நானும் வரப்பில் நின்று பார்த்தேன். பிறகு வீட்டுக்குள் சென்று சாப்பிட்டேன்.

ஜூன் தொடக்கத்தில் வெள்ளையம்மா ஒரு தடியை ஊன்றிக்கொண்டு குடிசைக்குத் திரும்பினாள். மருத்துவமனையிலிருந்து செய்தி போய், விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. அன்று மாலையே சென்னப்பன் தம் வில்வண்டியில் வந்து குடிசை வாசலில் இறங்கினார். நான் அங்கேதான் இருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவளிடம் பேசினார்.

“பாரும்மா. உனக்கு நடந்தது எனக்கும் வருத்தந்தான். அதிகாரி வந்து கேட்டா, டிரைவர் கண்மண் தெரியாம ஓட்டினான், கத்தினதுக்கும் நிறுத்தலன்னு சொல்லிடு. அதானே நெசம்?”

“அவருக்குக் கேக்கல எசமான்.”

“கேக்காத மாதிரி ஓட்டினது யார் தப்பு? சொல்லாம வண்டிய வேற ரோட்டுக்கு எடுத்துனு போனான். நீ அப்பிடிச் சொன்னீன்னா இந்தக் குடிச உன்னுது. சாவுற வரைக்கும் இரு. ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

“சொல்லலன்னா?”

சென்னப்பன் கூரையை அண்ணாந்து பார்த்தார். “இது வேலை செய்றவங்களுக்கு உட்ட எடம். நீ இனிமே வேலை செய்வியா? மழைக்கு முன்னாடி இங்க களம் போடணும். மடியில கல்லக் கட்டிக்கினு என்னைய ஏமாத்தினவளுக்கு இவ்வளவு பாக்கறதே அதிகம்.” வண்டியில் ஏறும்போது தெலுங்கில் ஒரு வசவை முணுமுணுத்தார். அங்கிருந்த எல்லாருக்கும் தெலுங்கு தெரியும்.

அவர் போனபின் எல்லப்பன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“சொல்லிட்டா இன்னா?” என்றான். “பாய்க்குக் கைத்தொழில் இருக்குது. லாரி ஓட்டுவாரு, பஸ்ஸு ஓட்டுவாரு. நமக்கு எங்க போனா கூரை கெடைக்கும்? ஒத்தக் காலோட உன்னை எங்க உக்கார வைப்பேன்?”

 அந்த நேரத்தில் ரசூலே வந்துவிட்டான். அவன் மனைவி அதியாவும் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோடு கூட வந்தாள். செய்தி அவர்களுக்கும் எட்டியிருந்தது.

“சொல்லிடு தங்கச்சி” என்றான் ரசூல். “எல்லப்பன் அண்ணே சொல்றது சரிதான். எம்மேலயே போடு. நான் தானே ஓட்டினேன்.”

அதியா சட்டியை ஓசையெழ வைத்தாள். “நீங்க பேசாம இருங்க. ஜெயிலுக்குப் போறவங்க பேசற பேச்சா இது? நாளைக்கு எனக்குக் கஞ்சி யாரு ஊத்தறது?”

முனிலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். “பாய் ஜெயிலுக்குப் போனா, இன்னொருத்தன் வந்து ஓட்டுவான். அவனுக்கும் காது பின்னாடி இருக்காது” என்றாள். பல நாளுக்குப்பின் அவள் குரலில் பழைய காரம் இருந்தது.

வெள்ளையம்மா துணி சுற்றிய காலைக் கையால் தூக்கி வேறு பக்கமாக வைத்தாள். யாருடையதோ ஒரு பொருளை நகர்த்தி வைப்பதுபோல் இருந்தது.

“நான் உழுந்ததுக்கு மறுநாளு என் எடத்துல யாரு நின்னது?” என்று கேட்டாள்.

 “நான்தான்” என்றாள் பின்னால் நின்ற வெங்கடம்மா.

“உனக்குக் காலு மரத்துச்சா?”

“மரத்துச்சு.”

“அப்போ பாய் மேல பழி போட்டா, நாளைக்கு உங்காலுக்கு யாரு பதில் சொல்வாங்க? பலக அதேதான். பாறை அதேதான்.” அவள் கணவனைப் பார்த்தாள். “கூரை போனா போவட்டும். நான் சொல்ல மாட்டேன்.”

எல்லப்பன் எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது அவனோடு கல் பொறுக்கும் பெண்களும், வண்டிக்காரன் கரியப்பனும் வந்தார்கள். அவன் என்ன சொல்லி அழைத்தான் என்பதை நான் கேட்கவில்லை. இருட்டுமுன் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

மறுநாள் விடியலில் பெண்கள் வழக்கம்போல் வரிசையில் நின்றார்கள். முனிவேல் கை நீட்டி ஒவ்வொருத்தியாக ஏறச் சொன்னான். ஒருத்தியும் அசையவில்லை. கல் பொறுக்குகிறவர்களைக் கூப்பிட்டான். இரட்டைக் கூலி என்றான். அவர்களும் அசையவில்லை. அவன் ஓடிப்போய்ச் சென்னப்பனை அழைத்துவந்தான்.

“இன்னா இது?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்ல எசமான்” என்றாள் முனிலட்சுமி. “நாங்க களை எடுக்கறோம், கல்லு பொறுக்கறோம், வெதைக்கறோம். பலக மேல ஏற மாட்டோம். வெள்ளையம்மா குடிசையில கை வெச்சா அதுவும் செய்ய மாட்டோம்.”

“ஆள் ஏறாம கட்டி எப்பிடி ஒடையும்?”

“கல்லு ஏத்துங்க.”

“கல்லு போதாது.”

“போதும்னுதானே அவ மடியில கட்டினா? கல்லக் கட்டின அப்புறந்தானே உங்க மேஸ்திரி அவள ஆளுன்னு ஏத்தினாரு!”

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த வயலில் சிரிப்பைக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. சென்னப்பன் முகம் கறுத்தது. அவர் ரசூலின் பக்கம் திரும்பினார்.

“நீ ஓட்றா.”

ரசூல் இறங்கி இயந்திரத்தை நிறுத்தினான். ஓசை அடங்கியது. “கல்லு ஏத்தினா ஓட்றேன் எசமான். மனுசங்க நின்னா ஓட்ட மாட்டேன்.”

“உம்மேல கேசு வரும், தெரியுமா?”

“வரட்டும் எசமான். அந்தம்மா உண்மைய சொல்றதா சொல்லியிருக்குது. எனக்கு அது போதும்.”

சென்னப்பன் வானத்தைப் பார்த்தார். தெற்கே மேகம் திரண்டிருந்தது. நிலத்தில் கட்டிகள் உடையாமல் கிடந்தன; மழை விழுந்தால் விதைக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அவர் போய்விட்டார். பெண்கள் கலைந்து செல்லவில்லை. குடிசைக்கு முன்னால் அடுப்பு மூட்டினார்கள். அதியா அரிசி கொண்டுவந்தாள்; வெங்கடம்மா ராகி மாவு கொண்டுவந்தாள். கூரையைப் பிரிக்க வந்த இருவர் அத்தனை பெண்களையும் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் தோளில் வைத்தபடியே திரும்பிப் போனார்கள். எல்லப்பன் மனைவிக்குக் களி உருட்டிக் கொடுத்தான். “கொஞ்சம் வலிக்குது” என்றாள் அவள். காலை அறுத்தபின் அவள் வலியைப் பற்றிச் சொன்னது அதுவே முதல் முறை.

எதுவும் இன்னும் தீர்ந்துவிடவில்லை. அதிகாரி வரவில்லை. பெங்களூரிலிருந்து வேறு டிரைவர் வருகிறானாம். பலகையில் நிற்பதற்கு வெளியூர்ப் பெண்களைப் பிடித்துவரச் சென்னப்பன் ஒரு வண்டியோடு ஆள் அனுப்பியிருக்கிறார். அந்த வண்டி குந்தாரப்பள்ளிச் சந்தைக்கும், அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கும் போகிறது. ஆள் கிடைத்தால் கூரை போகும். கிடைக்காவிட்டால், மழைக்குமுன் அவர் இந்தப் பெண்களிடம் வந்தே தீர வேண்டும்.

ஆகையால் உம்மிடம் கேட்கிறேன், இதைப் படிக்கிறவரே. பரிதாபம் வேண்டாம், அதை வைத்துக் கூரை வேய முடியாது. அந்த வண்டி உம் தெருவிலும் வந்து நிற்கும். நல்ல கூலி, நிற்கிற வேலைதான் என்று அதில் வருகிறவன் சொல்வான். உம் வீட்டிலிருந்து ஒருத்தியும் அதில் ஏறக் கூடாது. அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி புறப்பட்டால், அவளிடம் வெள்ளையம்மாவைப் பற்றிச் சொல்லும். வண்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பும்.