இரண்டு தையல்நாயகிகளுக்கு ஒரு கிளிப்

கொடிவழிச் சங்கத்தின் பதிவேட்டில் நான் எனக்கே அத்தையாக இருந்தேன். வியாழக்கிழமைகளில் பழைய கையெழுத்தை வாசிக்கும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும் என்று இரண்டு வாரம் நான் இதைப் பற்றிக் கேட்கவில்லை.

சங்கம் மேலவீதியில், மூடிப்போன தியேட்டரின் மாடியில் இருக்கிறது. திங்கட்கிழமை ‘கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்தல்’. செவ்வாய்க்கிழமை அதே பாடம், அவர் கிடைக்காதவர்களுக்கு. மாதத்தின் கடைசி ஞாயிறு இடுகாட்டுக்குச் சுற்றுலா. புளிசாதம் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

கூடம் முழுக்கத் துணி காயப்போடும் கொடிகள். ‘ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொடி அமைத்துத் தரப்படும்’ என்று விதிமுறையில் இருந்தது. எந்தக் கொடி என்று இல்லை. கயிறு கைவசம் இருந்தது. கட்டிவிட்டார்கள். ஓர் ஆளுக்குக் கைக்குட்டை அளவு வெள்ளைத் துணி. அதில் பெயர் எழுதிக் கிளிப் போட்டிருப்பார்கள்.

எங்கள் கொடி ஜன்னலிலிருந்து ஏழாவது. நான் நடக்க நடக்க அது நீண்டது. அப்பாவின் துணியை அடைய இருபது நிமிடம் ஆயிற்று. பக்கத்துத் துணியில் தையல்நாயகி என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே நான்.

செயலாளர் தணிகாசலத்துக்கு அறுபத்தெட்டு வயது. எனக்கு நாற்பத்து நான்கு. பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லித்தான் அவர் யாரையும் கூப்பிடுவார்.

“வாங்க அத்தை,” என்றார்.

“சார், தையல்நாயகி ரெண்டு பேரு. ஒண்ணு எங்கப்பாவோட அம்மா. இன்னொண்ணு என்னோட அம்மா.”

“ஒரே ஊரு, ஒரே வீடு, ஒரே பேரு. ஒரே ஆளுதான்.”

“மாமியார், மருமக சார்.”

“ஒங்கப்பாவப் பெத்தவங்கதான் ஒங்களயும் பெத்துருக்காங்க. நீங்க அவருக்குத் தங்கச்சி. அவரு மகளுக்கு அத்தை.”

“அந்த மக நான்தான்.”

“அவ இன்னும் பொறக்கலயே,” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஒரு பெயருக்கு ஒரு கிளிப் என்பது விதி. இருவரும் வேறு வேறு ஆள் என்று அந்தப் பெயருக்கு உரியவர் வந்து, பெயரைச் சொல்லிச் சாட்சி சொன்னால் இரண்டாவது கிளிப் கிடைக்கும். ஆடி முதல் தேதி கூடத்தின் ஜன்னல்களைத் திறப்பார்கள். கிளிப் இல்லாதவர்கள் அன்று போய்விடுவார்கள்.

“எங்க போவாங்க?”

“காத்து எங்க போகுதோ அங்க.”

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஃபேனை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு நாளா ஒடம்பு லேசா இருக்குடி,” என்றாள்.

அம்மா கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு தையல்நாயகி இருந்தார். மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயரை வைத்து யாரும் மருமகளை அதட்டவும் முடியாது. அதனால் அம்மாவுக்குப் புதுசு என்று பெயர் வந்தது. நாற்பத்தாறு வருஷமாக அவள் புதுசு. காய்கறிக்காரருக்குப் புதுசம்மா.

வங்கியிலும் ரேஷன் கடையிலும் பெயர் கேட்டால் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் சொல்வேன். கூச்சம் என்று நினைத்திருந்தேன். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாதவள் தன் பெயரையும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அத்தையான பிறகுதான் தோன்றியது. மகளாக இருந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். சரியாக நினைவு வரவில்லை.

சனிக்கிழமை ‘சொல்லக் கூடாத பெயர்களைச் சொல்லும் பயிற்சி’. அந்தச் சனிக்கிழமை ஆடி முதல் தேதி. நான்கு மணிக்கு வகுப்பு முடியும். நான்கு மணிக்கு ஜன்னல் திறக்கும். அம்மாவின் மடியில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி அழைத்துப் போனேன்.

எஸ்தர் டீச்சர் பயிற்சி கொடுத்தார். முதல் வரிசையில் இருந்த பெண்மணி எழுந்து, “நமச்சிவாயம்” என்று தன் கணவர் பெயரைச் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு ஒருவர், “கூப்ட்டியா?” என்று கேட்டார். அவர் இறந்து ஒன்பது வருஷம். டீச்சர் அவரைக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்து அம்மா.

“ஒங்க மாமியார் பேரு சொல்லுங்க.”

“சாமி பேருதான் டீச்சர்.”

“எந்தச் சாமி?”

“வைத்தீஸ்வரன் கோயில் அம்மன்.”

“அந்த அம்மன் பேரு என்ன?”

“ஒங்களுக்குத் தெரியாதா என்ன?”

“சரி, ஒங்க பேரு?”

“அதேதான்.”

“எது?”

“இப்பச் சொன்னேனே.”

“நீங்க சொல்லலம்மா.”

“சொல்லாமயேதான் இவ்வளவு நாளு ஓடிருச்சு,” என்றாள் அம்மா. வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி நான்காக இரண்டு நிமிடம் இருந்தது. அது நெடுநேரம் இரண்டு நிமிடமாகவே இருந்தது. பிறகு நான்கு அடித்தது.

தணிகாசலம் முதல் ஜன்னலைத் திறந்தார். அம்மாவின் மடி அவிழ்ந்து அரிசி கொட்டியது. அவள் கால்கள் தரையை விட்டன. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, சொல்லேன்.”

“அவங்க இருக்காங்கடி,” என்று ரகசியமாகச் சொல்லி எங்கள் கொடியைக் காட்டினாள்.

இரண்டாவது ஜன்னல் திறந்தது. முந்தானை என் கையிலிருந்து ஒரு முழம் நழுவியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“தையல்நாயகி.”

அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். வேறு யாரோ ஒருத்தியின் பெயர்போல இருந்தது. கொஞ்சம் சின்னப் பெண்.

கொடியில் தொங்கிய துணி திரும்பியது. “என்னடி புதுசு?” என்று கேட்டது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. டீச்சர் கையெழுத்து நோட்டைத் தேடினார்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

“ஒங்களக் கூப்பிடல அத்தை,” என்றாள். அத்தை என்றதும் நானும் திரும்பிப் பார்த்தேன். “என்னயத்தான் கூப்ட்டுக்கிட்டேன்.”

துணி சற்று நேரம் ஆடியது. “சரி,” என்றது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

தணிகாசலம் இன்னொரு துணியில் பெயரை எழுதினார். சட்டைப் பையிலிருந்து கிளிப்பை எடுத்துப் போட்டார். அம்மா தொப்பென்று தரையில் இறங்கினாள். கீழே தியேட்டரில் யாரோ விசிலடித்தார்கள்.

“அப்ப அத்தை பதிவு ரத்து,” என்று பதிவேட்டில் ஒரு கோடு போட்டார்.

“மகள்னு எழுதிக்குங்க சார்.”

“ஆடியில புதுப் பதிவு கெடையாதும்மா. ஆவணியில வாங்க.”

“இப்ப அம்மாவுக்குப் போட்டீங்களே?”

“அது திருத்தம்.”

அவர் மூன்றாவது ஜன்னலைத் திறந்தார்.

அம்மா என் முந்தானையை எட்டிப் பிடித்துத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டாள். மேலவீதியில் அவள் நடந்தாள். நான் கடைகளின் பெயர்ப்பலகை உயரத்தில் பின்னால் வந்தேன். மேலிருந்து பார்க்க அவள் வகிடு நேராக இருந்தது.

காய்கறிக்காரர் வண்டியை நிறுத்தினார். “என்ன புதுசம்மா, பொண்ணு மேல போவுது?”

“ஆவணி வரைக்கும் அப்படித்தான்,” என்றாள் அம்மா. “அப்புறம், என் பேரு அது இல்ல.”

காற்று பலமாக அடித்தது. முடிச்சு கொஞ்சம் இளகியதுபோல் இருந்தது.

“அம்மா, என் பேரச் சொல்லிக் கூப்பிடேன்.”

“இருடி. எனக்கே இப்பத்தான் வந்துருக்கு.”

அவள் தன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு முறையும், “என்ன?” என்று தானே கேட்டுக்கொண்டாள்.