ரஞ்சிதத்தின் வயிறு

பிரசவத்துக்கு அழைக்க வருகிற வண்டிக்காரன் மாட்டையும் விரட்டுவான், மருத்துவச்சியையும் விரட்டுவான். அன்று வந்தவன் வாயே திறக்கவில்லை. நந்தியாற்றைத் தாண்டும்போதே மருத்துவச்சி பங்காருவுக்கு மனசு சரியில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எட்டு நாள் இருந்தது. வீட்டுக்கு மூத்தவன் துளசிங்கம் அவளை வாசல் பக்கம் விடாமல், மாட்டுக் கொட்டகை வழியாக உள்ளே கூப்பிட்டான். கரும்புத் தோட்டமும் கிணறும் உள்ள வீடு. அவன் தம்பி ஜெகநாதன் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போயிருந்தான்.

“தம்பி போய் பதினாலு மாசம் ஆவுது. அவன் பொண்டாட்டி வயித்த நீயே போய்ப் பாரு. கிருத்திகைக்கு நான் காவடி எடுக்கறேன். அதுக்குள்ள வீடு சுத்தமாவணும்” என்றான்.

உள்ளறையில் ரஞ்சிதம் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருபது வயது. துணி சுற்றிய சுடுசெங்கல்லை அடிவயிற்றோடு அணைத்திருந்தாள். வயிறு ஆறு மாதத்து வயிறு போல மேடிட்டிருந்தது. முகத்தில் மட்டும் பொட்டு ரத்தம் இல்லை.

பங்காரு கையை வைத்தாள். முப்பது வருஷமாகப் பிள்ளை தொட்ட கை அது. உள்ளே தலை எங்கே, முதுகு எங்கே என்று அதற்குத் தெரியும். இங்கே எதுவும் இல்லை. கல் மாதிரி ஒன்று, இடப்பக்கம் முண்டு முண்டாக, அழுத்தினால் நகராமல் கிடந்தது. காதை வைத்துக் கேட்டாள். அந்தப் பெண்ணின் நாடிதான் படபடத்தது.

“தூரம் நின்னு எத்தினி மாசம் ஆவுது?”

“நிக்கவே இல்லக்கா. மூணு நாள் இருந்தது இப்ப பத்து நாள் போவுது. கட்டி கட்டியா விழுது. ஆட்டுக்கல்லு மேல வயித்த அழுத்திக்கினு கெடப்பேன். மோருல பெருங்காயம் கரைச்சுக் குடிச்சேன், ஒண்ணும் கேக்கல. முந்தானைய வாயில வெச்சுக் கடிச்சுக்கினு இருப்பேன்.”

“மாமியாருக்குத் தெரியாதா?”

“தூரத்துல கொல்லையில உக்காந்தா வேலைக்கு வளையாம நடிக்கறேன்னாங்க. அப்புறம் வயிறு தெரிய ஆரம்பிச்சிது. இப்ப நான் கோழி ரத்தத்தத் துணியில தடவி ஏமாத்தறேன்னு அவரு அண்ணன், எங்க பாவா, சொல்றாரு.”

பங்காரு வெளியே வந்தாள். “ஐயா, அது கொழந்த இல்ல. ஏதோ கட்டிங்க. பட்டணத்துல பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு—”

“எவ்ளோ குடுத்து உன்ன இப்டி சொல்லச் சொன்னா?” துளசிங்கம் குரலை உயர்த்தவில்லை. “உன்னால ஆவலன்னா சொல்லு. பள்ளிப்பட்டுல ஆள் இருக்கு.”

கருக் கலைக்கிற அந்தப் பள்ளிப்பட்டுக்காரியைப் பங்காருவுக்குத் தெரியும். அவள் கை பட்டு எழுந்திருக்காதவர்கள் மூன்று பேரையும் தெரியும். இந்த வயிற்றில் அவள் வைக்கிற எருக்கம்வேர் பட்டால் உடம்பு ரத்தம் முழுக்க ஒரே நாளில் வெளியே வந்துவிடும். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போவதும், தானே வேரை வைப்பதும் ஒன்றுதான் என்று நினைத்தாள்.

“ஆவும்ங்க. ஆனா காவடிக்கு விரதம் இருக்கற வூட்ல ரத்தம் சிந்தலாமா? எங் குடிசைக்கு அனுப்புங்க. மூணு நாள்ல முடிச்சிடறேன்.”

அவன் யோசித்தான். காவலுக்குத் தன் தாய் கௌரியம்மாளையும் கூட அனுப்பினான்.

கௌரியம்மாள் குடிசைக்குள் நுழையவில்லை. வேப்பமரத்தடியில் பாய் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் காலை உள்ளிருந்து சத்தம் வந்தது. ரஞ்சிதத்தால் அன்று வாயைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. மண்தரையை நகத்தால் பிறாண்டினாள். பங்காரு அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்து வெந்நீர்த் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது கௌரியம்மாள் வாசலில் வந்து நின்றாள். பாயெல்லாம் ரத்தம்.

“மருந்து வேல செய்யுதா?”

“இன்னா மருந்து? நான் ஒண்ணும் குடுக்கல. வேரு அதோ எறவாணத்துல கட்டினபடியே கெடக்குது, பாருங்க. இது அவ தூரம். மாசா மாசம் இப்டித்தான் உங்க கொல்லையில சாவறா.”

கௌரியம்மாள் கூரையின் இறவாணத்தைப் பார்த்தாள். சணல் முடிச்சுகூட அவிழ்க்காத வேர். பிறகு குனிந்து மருமகள் வயிற்றில் கை வைத்தாள். கை வைத்த வேகத்திலேயே எடுத்துக்கொண்டாள். உள்ளே முண்டியது கல் மாதிரி இருந்தது.

“ரயில் எத்தினி மணிக்கு?” என்றாள். “நான் பாத்தேன்னு பெரியவனுக்குச் சொல்லாத.”

ரத்தம் நிற்கவில்லை, பட்டணத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பிவிட்டு மூவரும் ரயிலேறினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தேங்காய் அளவுக் கட்டியை எடுத்தாள். கர்ப்பப்பையும் அதோடு போயிற்று. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் உயிரே போயிருக்கும் என்றாள்.

ரஞ்சிதம் பிழைத்து வீடு திரும்பினாள். அதற்குள் துளசிங்கம் காவடி எடுத்து முடித்திருந்தான். பட்டணத்தில் கருவைக் கலைத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தம்பிக்கும் அப்படியே கடிதம் எழுதிவிட்டான். கௌரியம்மாள் அவனை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் பெரியவனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

கார்த்திகை பிறந்ததும் பங்காரு ரஞ்சிதத்தைப் பார்க்கப் போனாள். ரஞ்சிதம் கொட்டகைப் பக்கம் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடும் தட்டு அங்கேயே ஒரு மாடத்தில் இருந்தது.

“மூணு மாசமா வலி இல்லக்கா. வலி இல்லாம தூங்கறது எப்டி இருக்கும்னே மறந்து போயிருந்தேன்.” சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை. “வெள்ளிக்கெழம அவரு வராரு. லீவு கெடச்சிதாம். கடுதாசி பாவாவுக்குத்தான் வந்துது. எனக்கு ஒரு வரி இல்ல. நேத்து பாவா என் டிரங்குப் பொட்டிய வெளிய எடுத்து வெச்சிட்டாரு.”

வெள்ளிக்கிழமை பங்காரு அரக்கோணம் போனாள். துளசிங்கம் திருத்தணி ஸ்டேஷனில் காத்திருப்பான். அதற்கு முன்னால் ஜெகநாதனைப் பிடிக்க வேண்டும். ரயிலில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் காக்கிச் சட்டைகள். நான்காவது பெட்டியில் ஜெகநாதனைக் கண்டாள். அவன் பிறந்தபோது முதலில் ஏந்தியவள் அவள்தான். கறுத்து, இளைத்து, தாடை இறுகிப் போயிருந்தான்.

“தம்பி, உன் பொண்டாட்டி வயித்த நான் தொட்டுப் பாத்தேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டானா, நம்பினானா, எதுவும் தெரியவில்லை. திருத்தணி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் பக்கம் திரும்பினான்.

“அம்மா கூட இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“சரி, அம்மாவக் கேக்கறேன்.”

பங்காருவுக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை நாளும் வாய் திறக்காதவள் இன்றைக்கா திறக்கப்போகிறாள்?

பிளாட்பாரத்தில் துளசிங்கம் நின்றான். அவனுக்குப் பின்னால், தலையில் முக்காட்டோடு கௌரியம்மாள். ஜெகநாதன் அண்ணனைத் தாண்டிப் போய் அம்மா முன்னால் நின்றான்.

“என்னம்மா பாத்த நீ?”

அவள் பெரிய மகனைப் பார்த்தாள். முக்காட்டை விலக்கினாள். ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போயிற்று.

“கட்டிடா. அவ தூரத்த எங் கண்ணால பாத்தேன். மருந்தே குடுக்கல. இவன் எழுதுனதெல்லாம் பொய்.”

துளசிங்கம் யாரையும் பார்க்காமல் வண்டியை நோக்கி நடந்தான். மறுநாளே ஜெகநாதன் மனைவியைக் கூட்டிக்கொண்டு மணவூருக்கு, அவள் தாய்வீட்டுக்குப் போனான். கௌரியம்மாள் பெரியவனோடே இருந்துவிட்டாள். அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான் என்று கேள்வி.

மலையடிவாரத்து வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்கு அதன் பிறகு யாரும் பங்காருவை அழைக்கவில்லை. துளசிங்கத்தை மீறி வண்டி அனுப்ப அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. மாசி மாதம் பள்ளிப்பட்டு ஆள் மலையடிவாரத் தெருவில் ஒரு வீட்டுக்குள் போவதை அவள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள்.