ஒன்பது மன்னிப்புகள்

எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன் அதற்கான ஆயத்தத்தைத் தொடங்குகிற ஆள் யோகராஜ். அவனும் மனைவி சர்மிளாவும் மஹய்யாவ மேட்டில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டிருந்தார்கள். விருந்தினரிடமிருந்து வரும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுத, செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்றில் ப்ரொஜெக்ட் போல்டர் அமைக்க உட்கார்ந்தான். நாம் யார், எப்படிப் பேசுவோம் என்று ஒருமுறை அதில் போட்டுவைத்துவிட்டால், பிறகு கேட்டதும் எழுதித் தருமாம். ஒரு வீடியோவில் பார்த்திருந்தான்.

போல்டருக்குப் பெயர் வைக்கவே இரண்டு நாள் ஆனது.

“நம்ம கல்யாணத்துக்கு நாள் குறிக்கக்கூட இவ்வளவு யோசிக்கலங்க,” என்றாள் சர்மிளா, படுக்கை விரிப்பை மடித்தபடி.

அந்த வாரம் அவள் அவனிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஹுன்னஸ்கிரியவிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்த அவளுடைய அம்மாவைப் பற்றி, “மாமி இருக்கப்ப அலாரமே தேவல்ல, அவங்க சத்தத்துக்கே கெஸ்ட் எல்லாம் அஞ்சு மணிக்கே எந்திரிச்சிர்றாங்க,” என்று யோகராஜ் சொல்லப்போக, அது மாமியின் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.

அடுத்து, போல்டருக்கான அறிவுறுத்தல். ‘சுருக்கமாக எழுது’ என்பதை யோகராஜ் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கினான். மாதிரிக் கடிதங்கள் சேர்த்தால் நம் நடையிலேயே எழுதும் என்றது கருவி. மடிக்கணினியில் ‘மன்னிக்க’ என்று தேடினான். ஒன்பது கோப்புகள் வந்தன. ஒன்றையும் திறந்து பார்க்காமல் ஒன்பதையும் போல்டருக்குள் தள்ளினான்.

சுடுதண்ணீர் வரவில்லை என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிப்போன தியாகராஜா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியிருந்தார். போல்டர் பதிலைத் தந்தது. முதல் இரண்டு வரியிலேயே யோகராஜ் சொக்கிப்போனான். மீதியை வாசிக்காமல் அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை அவன் ஏணியில் நின்று பல்ப் மாற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சர்மிளா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“பிள்ளை, நான் தியாகராஜா கதைக்கிறன். சுடுதண்ணிக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறியள், சரி. ஆனா, ‘இனிமேல் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டோம்’ எண்டும் கிடக்கு. என்ர அம்மா காலமாகிப் பன்னிரண்டு வருஷம். அவவைப் பற்றி என்ன கதைச்சனீங்கள்?”

ஏணி லேசாக ஆடியது.

சர்மிளா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். “அது ஒங்க அம்மாவ இல்லங்கய்யா. எங்கம்மாவ.”

“ஓகோ! அப்ப, ‘நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை’ எண்டதும் உங்களுக்கோ? நானும் எத்தினை இடத்தில தங்கியிருக்கிறன், ஒருத்தரும் இப்பிடி எழுதினதில்லை.” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தை மாதம் மனைவியோடு வருவதாகவும், அதற்குள் சுடுதண்ணீரைச் சரியாக்கி வைக்கும்படியும் சொல்லிவிட்டு வைத்தார்.

சர்மிளா மடிக்கணினியைத் திறந்து கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழாவதன் பெயர் ‘சர்மிக்கு கடைசி உண்மையிலேயே கடைசி’. அவள் அதை வாசித்து முடிக்கும் வரை யோகராஜ் ஏணியை விட்டு இறங்கவில்லை. அங்கேதான் பாதுகாப்பாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

“எப்ப எழுதினீங்க?”

“மாமி போன அன்னைக்கே.”

“ஏன் குடுக்கல?”

“ரெண்டாவது பந்தி சரியா வரல புள்ள. திருத்திட்டு குடுக்கலாமுன்னு...”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், சிரிப்பு நிற்கவில்லை. “ரெண்டாவது பந்திதான் நல்லா இருக்கு. எறங்குங்க. ஞாயித்துக்கெழம அம்மா வீட்டுக்குப் போறோம்.”

“ப்ரிண்ட் எடுக்கவா?”

“வேணாம். வாயால சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் தெல்தெனியவைத் தாண்டியதிலிருந்து அவன் உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. ஆனால் மாமியின் முன்னால் போய் நின்றதும் மனப்பாடம் செய்தது எல்லாம் பறந்துவிட்டது.

“மாமி, நா அப்படிப் பேசினது தப்பு,” என்றான். அவ்வளவுதான் வந்தது.

மாமி திரும்பி ஒரு கோப்பையை எடுத்தார். “தேத்தண்ணி ஊத்தவா?” என்றார்.

யோகராஜ் இரண்டு கோப்பை குடித்தான்.