கராஜில் காய்ந்த படகு

நஞ்சுண்டன் நியூ ஜெர்சியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் டேட்டாபேஸ்களைக் காப்பாற்றுகிறவர். அந்தத் திறமை உலகத்தில் எதற்கும் பொருந்தும் என்று நம்புகிறவரும்கூட. போன கோடையில் பதினாலடி மரப்படகு ஒன்றை வாங்கினார். தண்ணீரில் இறக்கியது நான்கு முறை. படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டது நாற்பது முறை.

அக்டோபரில் கரையேற்றியபோது, படகுத்துறையை நடத்தும் டோனா சொன்னாள்: வெளியிலேயே வை, தார்ப்பாயைப் போட்டு இரண்டு பக்கமும் காற்றுக்கு வழி விடு, சூடான இடத்தில் மட்டும் வைக்காதே, மரம் சுருங்கிப் போகும். நஞ்சுண்டன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காரில் ஏறியதும், காலேஜுக்குப் போகாதவர்கள் இப்படித்தான் என்று மனைவி சாந்தாமணிக்கு விளக்கினார்.

படகு வீட்டு கராஜுக்குள் போனது. சாந்தாமணியின் கார் பனிக்கு வந்தது. உள்ளே ஹீட்டர், ஈரத்தை உறிஞ்ச இரண்டு மெஷின். தினமும் காலையில் அவள் விறைத்த கையால் கண்ணாடியிலிருந்து ஐஸைச் சுரண்டிவிட்டு ஆஸ்பத்திரி லேபுக்கு ஓடுவாள். படகுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஜனவரியில் ஒருநாள் படகின் பக்கத்தில் குனிந்து பார்த்தவளுக்கு, அந்தப் பக்கத்து ட்யூப்லைட் தெரிந்தது.

"ஏனுங்க, பலகைக்கு நடுவால வெளிச்சந் தெரியுதுங்க."

"அது வென்டிலேஷன், சாந்தா. காத்துக்கு வழி வேணும்னு அந்தம்மாவே சொல்லுச்சல்ல?"

சாந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸ் சுரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மே மாதம் பன்னிரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டு, படகுக்குக் குங்குமம் வைத்து இறக்கினார். படகில் நின்றபடியே குளிர்காலப் பராமரிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. இடுப்பளவு ஆழத்தில் படகு தரைதட்டி உட்கார்ந்தபோதுதான் வாயை மூடினார்.

டோனா வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும், மரம் தண்ணீர் குடித்து ஊதினால் இடுக்கெல்லாம் அடைந்துவிடும் என்றாள்.

நஞ்சுண்டன் சொட்டச் சொட்ட விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "இது ப்ளான் பண்ணினதுதானுங்க. மரத்த ஊறப் போடறது, இதுக்குப் பேரு சோக்கிங் ஃபேஸ்."

பாதிப் பேர் நம்பினார்கள். ஒருவர் குறிப்பே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நஞ்சுண்டனுக்கு ஆபீஸில் மீட்டிங். சாந்தாமணி லீவு போட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனாள். அவளும் டோனாவும் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். ஒரு சொட்டுகூடத் திரும்ப உள்ளே ஏறவில்லை. டோனா துடுப்புகளை நீட்டினாள். முதலில் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. கொஞ்ச நேரத்தில் சாந்தாமணிக்குத் துடுப்பு பிடிபட்டது. கரை தள்ளிப் போனபோது நஞ்சுண்டன் போனில் வந்தார்.

"மிதக்குதா?"

"மிதக்குதுங்க."

"பாத்தியா, நாஞ் சொன்னேனல்ல. மரப்படகப் பத்திப் பேசச் சொல்லி தமிழ்ச் சங்கத்துல கூப்பிட்டிருக்காங்க."

"நல்லதுங்க. டோனாவையும் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்காத்தி வெக்கறன்."

சிக்னல் சரியில்லை என்று நஞ்சுண்டன் வைத்துவிட்டார்.