பல்சக்கரம் எந்தப் பக்கம்

நியார்கோ முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். அப்பாவின் சவப்பெட்டியோடு பஸ் பின்னால் போனது.

கை தவறியிருக்கும் என்று நிறுத்தி, மறுபடி முதல் கியரே போட்டான். மறுபடியும் பின்னால்தான். ஆயுள் முழுக்கக் கானா நாட்டுக் குமாசிப் பயணிகளின் எலும்பைக் குலுக்கி எண்ணிய பஸ் அது. அன்றைக்கென்று ஒரு நிதானம் வந்து, கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசற்படியில் நின்ற டிவுமாவை நோக்கிப் போனது. அவன் பிரேக்கை மிதித்தபோது அவளுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண். வழியில் படுத்திருந்த ஆடு எழுந்து மரியாதையாக ஒதுங்கியதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

டிவுமா, அப்பா ஓப்போங்கின் இரண்டாம் மனைவி. நியார்கோவின் வயதுதான்.

முரசுகள் நின்றன. அந்த ஊரில் ஒரு காலத்தில் பிணத்தைத் தலையில் சுமந்து வீதி சுற்றுவார்கள். பெட்டி யார்மேல் போய் முட்டுகிறதோ அவர்தான் கொன்றவர். வெள்ளைக்காரன் அதைத் தடை செய்துவிட்டுப் போனான். சுமப்பதைத்தான் விட்டார்கள், நம்புவதை விடவில்லை.

"ஓப்போங் கை காட்டிட்டான்யா," என்றார் பெரியப்பா அம்போஃபோ, வம்சத்துக்குத் தலைவர். "ஏம்மா, என் தம்பிக்கு என்னத்தைப் போட்ட?"

"நீங்க தின்னதைத்தான் மாமா போட்டேன். ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னீங்களே."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த நியார்கோவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியலுக்கு மாற்று வாங்கப் போனபோதே, சுவாமே பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் செர்வா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"கழட்டுன பழசைக் கொண்டா தம்பி. பல்லை எண்ணணும். அச்சு நுழையிற வாயைப் பார்க்கணும். முக்கியமா, பெரிய பல்சக்கரம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்குன்னு பார்க்கணும். ஒரே ஜாடையில ரெண்டு வருது. மாத்திப் போட்டீன்னா வண்டி வெக்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி பின்னாலயே போவும்."

"டிரைவர் மகனுக்கே டிஃபரன்ஷியல் பாடமாக்கா? இந்த பஸ்ஸுக்கு அடியில படுத்து வளந்தவன் நான்."

பெட்டியைப் பிள்ளைகள்தான் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். அது போதாதென்று, அப்பா அவர் பஸ்ஸிலேயே போவார், பழுதை நானே பார்த்துவிடுவேன் என்று வம்சக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தான். அன்று காலையில் பின்சக்கரங்களைக் கல்மேல் தூக்கி வைத்து ஓட்டிப் பார்த்தான். சுற்றின. எந்தப் பக்கம் சுற்றின என்று பார்க்கவில்லை.

இறங்கிச் சொன்னால் போதும். நாக்கு எழவில்லை. ஊரே அவனை மெக்கானிக் என்று கூப்பிடுகிறது. கொஞ்சம் பொறுத்தால் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடங்கவில்லை. உள்ளேயிருந்து டிவுமாவின் துணிமூட்டை பறந்து வந்து புழுதியில் விழுந்தது. அத்தைமார் இருவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்க அத்தை!" என்று இறங்கினான். "அவங்க மேல தப்பில்ல. டிஃபரன்ஷியல் மாறிப் போச்சு. நான்தான் பார்க்காம வாங்கிட்டேன்."

பெரியப்பா அவனையும் டிவுமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "சித்தி மேல ரொம்பத்தான் கரிசனம்."

நியார்கோவின் காது சூடேறியது. "பெரியப்பா, ரிவர்ஸ் போடறேன். வண்டி முன்னால போவும். பாத்துட்டுப் பேசுங்க."

ஏறினான். ரிவர்ஸ் போட்டான். பஸ் முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "மெக்கானிக்கு! எங்க வீட்டுக் கிரைண்டரையும் பாக்குறியா? மாவு அரிசியாத் திரும்பி வரட்டும்!" என்று ஒருத்தி கத்தினாள். பெரியப்பா மட்டும் இறந்தவருக்கென்று மது ஊற்றிய மண்ணைப் பார்த்து, "மகன் பழியை வாங்கிக்கிட்டான். ஓப்போங் மனசு இறங்கிட்டான்," என்றார். அத்தைமார் கையை எடுத்தார்கள்.

டிவுமா மூட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஏறி உக்காருங்க சித்தி. வெயில் சுடுது."

"எப்பன்னு கேட்டேன்."

"...மொதல்ல நகந்தப்பவே."

அவள் ஏறவில்லை.

இடுகாடு வரைக்கும் ரிவர்ஸ் கியரிலேயே ஓட்டினான். பஸ்ஸின் ரிவர்ஸ் விளக்கு பட்டப்பகலில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது, அந்த வெளிச்சம் விழாத தூரத்தில், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்து வந்தாள்.